மாணவர் தேர்தலும் நடுநிலையும்: லிங்டோ குழு அறிக்கை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தேர்தலைச் சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதுவோர் ஒரு சாரார். அதனை நாட்டு அரசியலின் நாற்றங்கால் என அஞ்சுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு வினாவைக் கவனத்திற் கொள்வதில்லை. தேர்தல் ஒன்று நேர்மையாக நடைபெற்றது என்று தோற்றவனும் ஏற்றுக்கொள்ளத்தக்க வகையில் அதனை நடத்துவது எவ்வாறு என்பதே அவ்வினா. வென்றவன் தேர்தலைப் போற்றுவதில் வியப்பில்லை. தோற்றவன் தன் தோல்வியை ஒப்புக்கொண்டு மறுநாள் அதே விரிவுரை மண்டபத்தில் வென்றவனுக்கு அருகே அமர முடியுமாயின், அங்கேதான் தேர்தல் தன் பணியைச் செய்தது எனலாம். மாணவர் சமுதாயம் சிறியது. ஒரே விடுதியில் உண்டு, ஒரே நூலகத்தில் வாசித்து, ஒரே பரீட்சையை எழுதுவது. ஆகவே நாட்டுத் தேர்தலிலும் பார்க்க இங்கே தேர்தலின் நேர்மை கூடுதலான முக்கியத்துவம் பெறுகின்றது.

இவ்வினாவுக்கு விரிவான விடை காண முயன்ற எழுத்தாவணங்கள் தென்னாசியாவிற் சிலவே. அவற்றுள் தலையாயது இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வெளிவந்த லிங்டோ குழு அறிக்கையாகும். அதனைப் போற்றியோரும் தூற்றியோரும் பலர். நிதானமாக வாசித்தோர் அவ்வளவு பலர் என்று கூறுவதற்கில்லை. அவ்வறிக்கையை ஒரு பனுவலாகக் கொண்டு, அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது, அதன் விதிகளுக்குப் பின்னால் நிற்கும் மாணவன் பற்றிய கருத்து யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அறிக்கை பிறந்த சூழல்

மாணவர் ஒன்றியத் தேர்தலை எம்முறையில் நடத்துவது என்பது பற்றிக் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர் மன்றத்துக்கும் இடையே எழுந்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005 டிசெம்பரில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்கமைய, மத்திய மனித வள மேம்பாட்டு அமைச்சு ஒரு குழுவினை நியமித்தது. அதன் தலைவராக அமைந்தவர் ஜே. எம். லிங்டோ. இவர் 2001 முதல் 2004 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையாளராகப் பணியாற்றியவர். 2002இல் ஜம்மு காஷ்மீர்ச் சட்டசபைத் தேர்தலை நடத்தியவர். 2003இல் மக்சேசே விருது பெற்றவர். குழு தன் அறிக்கையை 2006 மே மாதத்திற் சமர்ப்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி உச்ச நீதிமன்றம் அதன் விதப்புரைகளை ஏற்று, நாட்டின் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அவற்றைப் பின்பற்ற வேண்டும் எனப் பணித்தது.

இவ்விரு திகதிகளுக்கும் இடைப்பட்ட ஒரு நிகழ்ச்சியையும் குறிப்பிடல் வேண்டும். 2006 ஆகஸ்ட் மாதத்தில் மத்தியப் பிரதேசத்தின் உச்சயினி நகரிலுள்ள கல்லூரி ஒன்றில், மாணவர் தேர்தல் தொடர்பான கலவரத்தின்போது தாக்கப்பட்ட பேராசிரியர் ஒருவர் உயிரிழந்தார். மாணவர் தேர்தல் என்றாலே வன்முறை என்ற எண்ணம் அந்நாளில் பொதுமக்கள் மனத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய நிகழ்ச்சிகள் காரணமாயின. அறிக்கையின் தொனியை விளங்கிக்கொள்வதற்கு இச்சூழலை மனத்திற் கொள்ளல் அவசியம். நோய் கடுமையானதென்று கருதும் வைத்தியன் மருந்தையும் கடுமையாகவே எழுதுவான்.

எனினும் ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நியாயமாகும். தேர்தல் வேண்டாம் என்று அறிக்கை கூறவில்லை. கல்வி நிறுவனங்கள் யாவும் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் வாயிலாகவே தெரிதல் வேண்டும் என்பது அதன் முதலாவது விதப்புரை. சூழ்நிலை பாதகமாக உள்ள இடங்களில் நியமன முறையைக் கைக்கொள்ளலாம் என்றாலும், அது இடைக்கால ஏற்பாடாகவே இருத்தல் வேண்டும் என்று வரையறை செய்தது. கலவரத்தைக் காரணங்காட்டித் தேர்தலையே ஒழித்துவிட விரும்பிய நிருவாகிகளுக்கு இது உவப்பான செய்தியன்று.

2. யார் போட்டியிடலாம்?

அறிக்கையின் மிக விரிவான பகுதி வேட்பாளர் தகுதி பற்றியதாகும். பட்டப்படிப்பு மாணவர் 17 வயதுக்கும் 22 வயதுக்கும் இடைப்பட்டவராக இருத்தல் வேண்டும்; பட்டமேற்படிப்பு மாணவருக்கு 24 அல்லது 25, ஆராய்ச்சி மாணவருக்கு 28 என்பன உச்ச வயதெல்லைகள். வேட்பாளர் 75 சதவீத வரவு உடையவராகவும், தேர்தல் நடைபெறும் ஆண்டிற் சித்தியடையாத பாடங்கள் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். ஒன்றியப் பதவிக்கு ஒரு தடவையும் நிருவாக உறுப்பினர் பதவிக்கு இரு தடவையும் மட்டுமே போட்டியிடலாம். குற்றவழக்கில் விசாரணைக்கு உட்பட்டவரோ தண்டனை பெற்றவரோ போட்டியிட முடியாது. பல்கலைக்கழகத்தின் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்பட்டவரும் போட்டியிட முடியாது.

இப்பட்டியலை வாசிக்கும் தமிழ் மாணவனுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், ஏறத்தாழ கி. பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிவதற்கான விதிகளை வகுக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரோலைகள் குடத்தில் இடப்பட்டுச் சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. அங்கும் வயதெல்லை உண்டு: முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். அங்கும் மீண்டும் மீண்டும் பதவி வகிப்பதற்குத் தடை உண்டு: முந்திய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் தகுதியற்றவர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பிறர் பொருள் கவர்ந்தோரும் விலக்கப்பட்டனர். ஆயிரத்து எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் எழுந்த இரு விதித்தொகுதிகள் இத்துணை ஒத்திருத்தல் தற்செயலன்று. பதவியைச் சிலர் பற்றிக்கொள்வதும் பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாமல் நழுவுவதும் அன்றும் இன்றும் ஒரே நோய்களாகவே இருந்துவருகின்றன.

ஆயின் ஒப்புமை கண்டு மகிழ்வதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் ஊரின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக்கல்வியும் உடையோரே குடத்தில் ஓலையிடப்படுவதற்கு உரியவர். நிலமற்றோனும் பெண்ணும் அதற்குப் புறம்பானவர். அதனை மக்களாட்சியின் ஊற்றென்று மேடைகளில் முழங்குவோர் இதனைச் சொல்வதில்லை. தகுதிவிதி என்பது எப்போதும் இருமுனைக் கத்தி. ஊழல் புரிவோனை விலக்கும் அதே விதி, எளியோனையும் எதிர்ப்போனையும் விலக்கப் பயன்படலாம். லிங்டோ அறிக்கையின் தகுதிவிதிகளையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

கணக்குக் காட்டாதவனை விலக்குதல் நியாயமே. மீண்டும் போட்டியிடுவதற்குத் தடை விதித்தலும் ஓரளவுக்கு ஏற்கத்தக்கது; ஒன்றியத்தைத் தம் தனியுடைமையாக்கிப் பட்டப்படிப்பை ஆண்டுக்கணக்காக நீட்டிக்கொண்டிருந்த தலைவர்களை மனத்திற்கொண்டே அவ்விதி இயற்றப்பட்டுள்ளது. ஆனால் வயதெல்லை? குடும்பச் சுமையினால் இடையிற் படிப்பை விட்டுத் தொழில் புரிந்து, பின்னர் இருபத்தைந்தாம் வயதிற் பட்டப்படிப்புக்கு வருபவன் முழு மாணவனல்லனா? அவனிடம் கட்டணம் பெறுவோம், அவனுக்குப் பரீட்சை வைப்போம், அவனுடைய வாக்கையும் பெறுவோம். பிரதிநிதியாக மட்டும் ஏற்கமாட்டோம் என்பது எவ்வகை நியாயம்?

இதனினும் பாரதூரமானது ஒழுக்காற்று விதி. மாணவர் ஒன்றியம் இருப்பதற்கான காரணங்களுள் ஒன்று, வேண்டியபோது நிருவாகத்தை எதிர்த்துப் பேசுவதாகும். விடுதி உணவு பற்றியோ, கட்டண உயர்வு பற்றியோ, நூலக நேரம் பற்றியோ போராட்டம் நடத்தும் மாணவன் மீது முதலிற் பாய்வது ஒழுக்காற்று விசாரணை. அவ்வாறு நடவடிக்கைக்கு உட்பட்டவன் போட்டியிட முடியாது என்றால், ஒன்றியத்தின் தலைவராக யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிருவாகத்தின் கைக்குச் சென்றுவிடுகின்றது. பந்தயத்தில் ஓடும் ஒருவனே எதிராளியின் பெயரை வெட்டும் அதிகாரமும் பெற்றால் அது பந்தயமாகாது. அவ்வாறே, விசாரணைக்கு உட்படுத்தப்பட்டமையே தகுதியின்மை என்பதும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி என்னும் பொதுநீதிக்கு மாறானதாகும். நாட்டின் பாராளுமன்ற வேட்பாளனுக்குக் காட்டப்படும் நியாயம் மாணவ வேட்பாளனுக்கு மறுக்கப்படுதல் விந்தையே.

3. பணமும் சுவரும்

அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி தேர்தற் செலவு பற்றியது. வேட்பாளர் ஒருவர் 5,000 இந்திய ரூபாவுக்கு மேற் செலவிடலாகாது. தேர்தல் முடிவு வெளியான இரு வாரங்களுள் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கைச் சமர்ப்பித்தல் வேண்டும். அரசியற் கட்சிகளின் பணத்தைப் பெறலாகாது. அச்சிட்ட சுவரொட்டிகளையோ துண்டுப்பிரசுரங்களையோ பயன்படுத்தலாகாது. கையால் எழுதிய சுவரொட்டிகளையும் குறித்த இடங்களில் மட்டுமே ஒட்டலாம். பிரசாரத்துக்கு ஒலிபெருக்கியும் வாகனமும் விலங்குகளும் கூடா. சாதி, சமய உணர்ச்சிகளைத் தூண்டி வாக்குக் கேட்கலாகாது. நியமனப்பத்திரம் தாக்கல் செய்வதிலிருந்து முடிவு அறிவிப்பது வரை யாவும் பத்து நாட்களுள் நிறைவு பெறல் வேண்டும். கல்வியாண்டு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களுள் தேர்தல் நடைபெறல் வேண்டும்.

இவ்விதிகளின் அடிநாதம் சமத்துவம். தந்தையின் பணப்பையோ கட்சியின் பணப்பையோ வாய்க்கப்பெறாத மாணவனும் போட்டியிடல் வேண்டும் என்பதே அதன் கருத்து. கைச்சுவரொட்டி விதி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பொருளாதாரத்தை நோக்குக. அச்சகத்துக்குப் பணம் போதும்; கையால் எழுதுவதற்கு ஆட்கள் வேண்டும். இருபது நண்பர்கள் இரவிரவாகக் கண்விழித்துத் தூரிகை பிடித்தால்தான் சுவர் நிறையும். ஆகவே அவ்விதி பணபலத்தின் இடத்தில் தோழமையின் பலத்தை வைக்கின்றது.

நடைமுறை வேறு கதை கூறுகின்றது. தில்லிப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துக்கு 2024 செப்டெம்பர் 27ஆந் திகதி வாக்கெடுப்பு நடைபெற்றது. நகரெங்கும் சுவர்களும் பொதுச்சொத்துக்களும் சுவரொட்டிகளாலும் வண்ணங்களாலும் அலங்கோலப்படுத்தப்பட்டமையால், அவை துப்புரவு செய்யப்படும்வரை வாக்குகளை எண்ணலாகாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. முடிவுகள் வெளியாகியது நவெம்பர் 25ஆந் திகதி. பத்து நாட்களுள் முடியவேண்டிய தேர்தலில் எண்ணுவதற்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தது. அறிக்கை நீதிமன்ற ஆணையாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலைமை இதுவாயின், பிழை எங்கே உள்ளது?

பிழை விதியிலன்று, விதியைக் காப்போரை அமைத்த முறையிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. செலவு வரையறை மீறப்படுகின்றதா என்பதைப் பிரசாரம் நடைபெறும் நாட்களிலேயே கண்டறியும் பொறுப்பும் வசதியும் எவர்க்கும் தெளிவாக வழங்கப்படவில்லை. தேர்தல் முடிந்த பின்னர் வரும் கணக்கு, வென்றவனின் மாலையோடு சேர்ந்து வாடிப்போகின்றது. மேலும், கட்சித் தொடர்பை விலக்குதல் என்ற விதி கட்சிகளை விலக்கவில்லை. அவற்றை மறைத்து வைத்துள்ளது. தில்லியிலும் கேரளத்திலும் போட்டியிடும் மாணவர் அமைப்புக்கள் எக்கட்சியின் நிழலில் நிற்பவை என்பதை அறியாத மாணவர் இல்லை. வெளிப்படையாக நிற்கும் கட்சியிடம் கணக்குக் கேட்கலாம். முகமூடியணிந்து நிற்பதிடம் எவ்வாறு கேட்பது? கட்சிச் சார்பைத் தடைசெய்வதை விட, சார்பையும் பணம் வந்த வழியையும் பிரகடனம் செய்யுமாறு விதித்திருப்பின் பயன் கூடியிருக்கும்.

4. தீர்ப்பவர் யார்?

அகநானூற்றின் 77ஆம் பாடலிற் குடவோலை பற்றிய உவமை ஒன்று உண்டு. கயிற்றாற் கட்டப்பட்ட குடத்தின் மேலுள்ள பொறியை ஆராய்ந்த பின்னரே ஆவணப் பணியாளர் அதனை நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுக்கும் காட்சியைப் புலவர் போர்க்களக் காட்சியோடு பொருத்துகின்றார். உவமையின் பயங்கரத்தை இலக்கிய மாணவர் அறிவர். நமக்கு வேண்டியது அதன் நடைமுறைக் குறிப்பு. குடத்தைத் திறப்பதன் முன் பொறி பழுதுபடாதிருக்கின்றதா என்று பார்த்தார்கள். முத்திரையை யார் இட்டார், யார் பார்வையில் உடைத்தார் என்பனவே தேர்தலின் உயிர்நிலை என்பதை அப்பழந்தமிழ்ச் சமுதாயம் உணர்ந்திருந்தது.

இந்த இடத்திலேதான் லிங்டோ அறிக்கை மிகவும் தளர்ந்து காணப்படுகின்றது. தேர்தல் முறைப்பாடுகளை விசாரிப்பதற்கு அது ஒரு குறைதீர் குழுவை விதந்துரைக்கின்றது. அதன் தலைவர் மாணவர் நலத்துக்குப் பொறுப்பான பீடாதிபதி. உறுப்பினர் மூத்த விரிவுரையாளர் ஒருவர், மூத்த நிருவாக உத்தியோகத்தர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் இருவர், அவருள் ஒருவர் பெண். மேன்முறையீடு நிறுவனத் தலைவரிடம். அதாவது ஐவருள் மூவர் பல்கலைக்கழகத்தின் பணியாளர். தேர்தல் முடியும்வரை மாணவர் இருவரையும் நியமிக்கலாம். இறுதித் தீர்ப்பும் நிருவாகத்தினுடையது.

மாணவர் ஒன்றியம் நிருவாகத்தோடு பேரம் பேசும் அமைப்பு. அவ்வமைப்பின் தேர்தலில் நடுவராக அதே நிருவாகம் அமர்தல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் ஐயத்துக்கு இடந்தரும். நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டதென்று காணப்படவும் வேண்டும் என்பது சட்டத்துறையினர் அடிக்கடி கூறுவது. விசாரிப்பவர் எத்துணை நேர்மையாளராயினும், தோற்ற மாணவன் அவரை நம்ப மறுப்பானாயின் தேர்தல் தோற்றுவிடுகின்றது.

5. மாணவரே நடத்திய தேர்தல்

இதற்கு மாற்றுவழி உண்டா? உண்டு என்பதற்கு அறிக்கையே சான்று தருகின்றது. எல்லை வரையறுக்கப்பட்ட சிறிய வளாகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம் என்று கூறும் இடத்தில் அது தில்லியிலுள்ள ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும் ஐதராபாத் பல்கலைக்கழகத்தையும் உதாரணங்களாகக் குறிப்பிடுகின்றது. ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தேர்தலை நடத்துவோர் நிருவாகிகளல்லர். மாணவரிலிருந்தே அமைக்கப்படும் தேர்தல் ஆணைக்குழுவினர். நியமனப்பத்திரங்களைப் பரிசீலிப்பதும், பிரசார விதிகளைக் காப்பதும், வாக்குகளை வேட்பாளரின் முகவர்கள் முன்னிலையில் எண்ணுவதும் அவர்தம் பணி. தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் பெருங்கூட்டத்தின் முன் தத்தம் கொள்கையை எடுத்துரைத்து, ஒருவரையொருவர் வினவி, மாணவர் வினாக்களுக்கும் விடையிறுப்பர். நாட்டுத் தேர்தலிற்கூட அரிதாகக் காணப்படும் இவ்வழக்கம் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

விந்தை யாதெனில், முன்மாதிரியாகக் காட்டப்பட்ட அவ்வளாகத்தின் தேர்தலே அறிக்கையின் பெயரால் நிறுத்தப்பட்டமையாகும். வயதெல்லை முதலிய விதிகளைப் பின்பற்றவில்லை என்ற காரணத்தால் 2008 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைத் தடுத்தது. விதிகளிற் சில தளர்த்தப்பட்ட பின்னரே 2012 மார்ச்சில் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. அமைதியாக நடைபெற்றுவந்த தேர்தலொன்று, அமைதியை நிலைநாட்டப் பிறந்த விதிகளால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றுபோயிற்று. பொதுவிதி ஒன்றை எல்லா நிலத்திலும் ஒரே ஆழத்தில் உழ முனைந்தால், நல்ல நிலத்தின் பயிரும் வேரறுந்துபோகும்.

இதனாற் மாணவர் நடத்தும் தேர்தல் குறையற்றது என்று முடிவு செய்தலும் தவறாகும். 2018 செப்டெம்பரில் அதே வளாகத்தில், எண்ணும் இடத்துக்குட் பலவந்தமாக நுழைந்ததாக எழுந்த முறைப்பாட்டினால் வாக்கெண்ணுதல் பல மணிநேரம் இடைநிறுத்தப்பட்டது. மாணவ ஆணைக்குழுவின் நடுநிலை பற்றியும் காலத்துக்குக் காலம் குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன. ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே நடுவரைக் குறை கூறும் மாணவன், அடுத்த ஆண்டு நல்ல நடுவரை அமைக்கும் பொறுப்பையும் தன் தோளிற் சுமக்கின்றான். பீடாதிபதியைக் குறை கூறும் மாணவனுக்கு அப்பொறுப்பு இல்லை. மக்களாட்சிப் பயிற்சி என்று ஒன்று இருக்குமானால், அது வாக்களிப்பதில் மட்டும் அடங்குவதன்று. தனக்குப் பிடிக்காதவனின் வாக்குச்சீட்டையும் பிழையின்றி எண்ணிக் கொடுக்கும் ஒழுக்கமும் அதன்பாற்படும்.

6. அறிக்கை பேசாதவை

அறிக்கை வேட்பாளனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றது. வாக்காளனைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றது. மூன்று குறைகளை இங்கு சுட்டலாம்.

முதலாவது, அச்சம். வாக்குச்சீட்டு இரகசியமானது என்று எழுதிவைத்தல் எளிது. சிரேட்ட மாணவரின் தயவில் விடுதியில் உறங்கும் முதலாண்டு மாணவன், தன் வாக்கு இரகசியமானது என்று நம்புகின்றானா என்பதே வினா. வாக்குச்சாவடியின் திரை எவ்வளவு தடித்ததாயினும், அச்சம் அதனூடே பார்க்கும். இவ்வாறான சூழலில், விடுதிவாரியாக முடிவுகளை வெளியிடுதல்கூட ஒரு விடுதியினர் எவ்வாறு வாக்களித்தனர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணுவதற்கு முன் வாக்குச்சீட்டுக்களை ஒன்றாகக் கலத்தல் என்ற சிறு ஏற்பாடு இதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

இரண்டாவது, எண்ணும் முறை. ஓர் உதாரணம் கற்பிப்போம். ஆயிரம் மாணவர் வாக்களிக்கின்றனர்; மூவர் போட்டியிடுகின்றனர். ஒருவர் 340 வாக்குகளும் மற்றையோர் 335, 325 வாக்குகளும் பெறுகின்றனர். முதலாமவர் தலைவராகிவிடுகின்றார். மீதி 660 பேரும் அவரை முற்றாக வெறுப்பவராக இருப்பினும் முடிவு மாறாது. இவ்வாறு தெரிவான தலைவர் அனைத்து மாணவர் சார்பிற் பேசுகின்றேன் என்று கூறுவதன் வலு என்ன? இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வாக்கு முறை 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலிருந்தே உள்ளது. 2024 செப்டெம்பரில் முதன்முறையாக அவ்வாக்குகள் எண்ணப்படவும் நேர்ந்தது. நாட்டின் பாமர வாக்காளனுக்கு விளங்கும் என்று நம்பி வைக்கப்பட்ட முறை பல்கலைக்கழக மாணவனுக்கு விளங்காது என்று எவரும் கூறார்.

மூன்றாவது, போட்டியின்மை. தேர்தல் நேர்மையற்றுப் போவதற்குக் கள்ளவாக்கு மட்டுமே வழி என்பதில்லை. நியமனப்பத்திரம் தாக்கல் செய்யும் நாளுக்கு முன்னரே அறைக்குள் ஒருவரைத் தீர்மானித்து, மற்றெவரும் முன்வராதபடி பார்த்துக்கொள்வதும் ஒரு வழி. அங்கே கலவரம் இல்லை, சுவரொட்டி இல்லை, செலவும் இல்லை. லிங்டோ அறிக்கையின் விதிகள் அனைத்தும் அங்கே கைக்கொள்ளப்பட்டனவாகவே தோன்றும். ஆயின் தேர்தல் நடைபெறவில்லை. அமைதியையே நேர்மையின் அளவுகோலாகக் கொண்டமையே அறிக்கையின் அடிப்படைக் குறைபாடு எனலாம். மயானத்திலும் அமைதி உண்டு.

7. நமக்குரியது

இலங்கையிற் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் சட்டபூர்வமான இடமளித்துள்ளது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் ஒரு ஒன்றியத்தின் தேர்தல் நேர்மையாக நடைபெறுவதற்குச் சட்டப் புத்தகம் மட்டும் போதியதன்று. அண்டை நாட்டின் அனுபவத்திலிருந்து நாம் பெறத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதைத் தெளிந்துகொள்ளல் நன்று.

செலவு வரையறையும் கணக்குக் காட்டலும் ஏற்கத்தக்கவை. ஆனால் கணக்கை முடிவு அறிவித்த பின்னரன்றி, வாக்கெடுப்புக்கு முன்னரே அறிவித்தற் பலகையில் இடுதல் வேண்டும். தகுதிவிதிகள் குறைவாக இருத்தல் வேண்டும்: பதிவு செய்யப்பட்ட மாணவராயிருத்தல், முன்னர் வகித்த பதவிக்குரிய கணக்கை ஒப்படைத்திருத்தல் என்ற இரண்டும் பெரும்பாலும் போதும். மற்றையவற்றை வாக்காளனின் தீர்ப்புக்கு விடலாம். தேர்தலை நடத்தும் குழு மாணவரால் அமைக்கப்படல் வேண்டும். அதன் உறுப்பினர் அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் எப்பதவிக்கும் போட்டியிடலாகாது. விரிவுரையாளர் அவதானிகளாக இருக்கலாம், தீர்ப்பாளராக இருத்தலாகாது. வாக்காளர் இடாப்பு வாக்கெடுப்புக்குப் பல நாட்கள் முன்னரே காட்சிக்கு வைக்கப்படல் வேண்டும். வாக்குப்பெட்டி வெறுமையானது என்பதைப் போட்டியாளரின் முகவர்கள் கண்ட பின்னரே முத்திரையிடப்படல் வேண்டும்; அவர்கள் கண்முன்னேயே அம்முத்திரை உடைக்கப்படலும் வேண்டும். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே பயிலும் வளாகங்களில் வாக்குச்சீட்டும் அறிவித்தல்களும் மாணவர் அறிந்த மொழிகள் அனைத்திலும் அமைதல் வேண்டும். விளங்காத மொழியில் உள்ள சீட்டிற் புள்ளடியிடுதல் வாக்களித்தலாகாது. முதலாண்டு மாணவர் எவருக்கும் அஞ்சாது கேள்வி கேட்கத்தக்கதோர் அரங்கும் வேண்டும். வேட்பாளர் விவாதம் அவ்வரங்காகலாம்.

லிங்டோ அறிக்கையை எழுதியோர் மாணவர் நலத்தில் அக்கறையற்றவர் அல்லர். பணத்தையும் வன்முறையையும் தேர்தலிலிருந்து அகற்ற வேண்டும் என்ற அவர்தம் நோக்கம் போற்றத்தக்கது. ஆயின் அவ்வறிக்கையின் பக்கங்களில் நடமாடும் மாணவன், கண்காணிக்கப்பட வேண்டியவன். வயது குறித்து, வரவு குறித்து, நடத்தை குறித்து வடிகட்டப்பட வேண்டியவன். தன் தேர்தலைத் தானே நடத்தக்கூடிய மாணவனை அப்பக்கங்களிற் காணோம். பாடத்தில் அவனைச் சுயமாகச் சிந்திக்கச் சொல்லும் பல்கலைக்கழகம், அவனுடைய ஒன்றியத்தில் அவனைச் சிறுவனாக நடத்துமாயின், அவன் முதலிற் கற்றுக்கொள்ளும் பாடம் அந்த முரண்பாடாகவே இருக்கும்.

மறுபுறத்தில், மாணவரும் ஓர் உண்மையை ஏற்றல் வேண்டும். நிருவாகம் நடுவராகலாகாது என்று கோருவோர், தாம் நடுவராகும்போது தம் தோழனுக்கு எதிராகவும் தீர்ப்பளிக்கத் துணிதல் வேண்டும். ஒரு வாக்கு வித்தியாசத்தில் தம் அணி தோற்கும்போது, அந்த ஒரு வாக்கை மறுபடி எண்ணிப்பார்த்துச் சரியென்று கையொப்பமிடும் மனத்திண்மை வேண்டும். அம்மனத்திண்மை உள்ள வளாகத்துக்கு லிங்டோ அறிக்கை தேவையில்லை. அது இல்லாத வளாகத்தை எந்த அறிக்கையாலும் காப்பாற்ற முடியாது.